வெல்பி துரைக்காக ஆட்டிய கொடி

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் வரவழைத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ரேஷன் காலத்தில் அதை யாராவது குறை சொல்வார்களா? சேக்காட்டுக் கோதண்டத்தை நன்றி கெட்டவன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அந்த நன்றியால்தான் இதெல்லாம் நடந்தது. ஜெனரல் வெல்பி துரை பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது அவர் படையில் நான் கொடிக்காரன். நான் கொடி காட்டியதும் ஆற்றுப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நம் கூலி ஜனம் பாதி பாலத்தின் மேலும், மீதி அக்கரையிலும் இருந்தது. துரைக்குக் கசாப்புக்காரன் என்று பேர் வந்தது. பத்திரிகைகள் காறித் துப்பின. ஆனால் எனக்கு ஆவடி ராணுவ டிப்போவில் ரயிலுக்குக் கொடி காட்டும் வேலை போட்டுக் கொடுத்தவர் அவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?

துரை மீது விசாரணை வைத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, டிப்போவின் கிளைத் தண்டவாளமான பட்டாபிராம் சைடிங்கில் வேகன் மாட்ட பாஸ்கல் வந்து சேர்ந்தான். அக்கரையில் தப்பி, ஆற்றை நீந்தி, காடு மலையெல்லாம் நடந்தே ஊர் திரும்பியவன்.

"அண்ணாத்தே, பாலத்தாண்ட கொடி புட்ச்சிகினு நின்னது நீதானே? புதன்கெயம சாட்சி சொல்லக் கூப்ட்டுகிறாங்க. பாத்தத அப்டியே சொல்லிடுவேன்."

"சொல்லு நைனா" என்றேன். உள்ளுக்குள் பயந்தேன். துரையின் மானத்தை நினைத்துத்தான்.

சைடிங்கில் ஒரு வழக்கம் உண்டு. வேகன் மாட்டுபவன் இரண்டு வேகன்களுக்கு நடுவே குனிந்து நுழைந்து சங்கிலியைக் கோப்பான். வெளியே வந்ததும் வேகனைக் கையால் தட்டுவான். தட்டு கேட்ட பிறகே கொடிக்காரன் பச்சை காட்ட வேண்டும். வளைவில் நிற்கும் என்ஜின் டிரைவருக்குக் கொடியைத் தவிர வேறெதுவும் தெரியாது. செவ்வாய்க்கிழமை பாஸ்கல் உள்ளே நுழைந்தான். தட்டு கேட்கவில்லை. நான் பச்சை காட்டினேன்.

அவன் மனைவி சாராளுக்கு நானே போய்ச் சேதி சொன்னேன். அழுவதை விட்டுவிட்டு, "அவரு தட்னாரா அண்ணே?" என்று கேட்டாள். இப்போது புகாரும் கொடுத்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் வருத்தம்தான்.

சாட்சி இல்லாமலே விசாரணை முடிந்தது. துரையின் பதவியைப் பிடுங்கிக் கப்பலேற்றி விட்டார்கள். கொடி காட்டியவன் யார் என்று துருவித் துருவிக் கேட்டும், "என் படை, என் பொறுப்பு" என்றாராம். அதைக் கேட்டு நான் அழுதேன் ஐயா.

பாஸ்கல் பார்த்தது என்ன என்கிறீர்கள். "கடைசி ஆள் வந்து சேரும்வரை கொடி காட்டாதே" என்று துரை என்னிடம் சொன்னபோது அவன் பக்கத்தில் நின்றான். அதன்பிறகுதான் ஜனத்தை அழைத்துவர அக்கரைக்குப் போனான். ஜப்பான்காரன் துப்பாக்கிச் சத்தம் நெருங்கியது. என் கை உயர்ந்துவிட்டது.

இதை நான் விசாரணையில் போய்ச் சொல்லவில்லை. துரை எனக்கு நம்பிக் கொடுத்த உத்தரவை ஊரறியப் பேசினால், அது அவருக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?