சுடாத துவக்கில் கரி

தேத்தண்ணிக்கு நன்றி, ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. ஸ்டேஷனுக்குள் வரும்போதே சுவரோடு சாய்த்து வைத்திருக்கிற மூன்று துவக்குகளையும் பார்த்தேன். நடுவில் இருப்பதன் குழல்வாய் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. கடற்கரை ஊரில் சுட்டாலும் சுடாவிட்டாலும் கிழமைக்கு ஒருதரம் துவக்கைத் துடைக்க வேண்டும். சுட்டால் அன்றைக்கே, சாப்பாட்டில் கை வைக்க முதல் துடைக்க வேண்டும். கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுகிற ரைபிள் கொஞ்சம் பொறுத்துப் போகும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற ரைபிள் அப்படியில்லை. வெடியின் புகைதான் அதன் உறுப்புகளைத் தள்ளி இயக்குகிறது, அதனால் கரி உள்ளே படியும். சின்னக் குறைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பாக்கியரத்தினம், வயது ஐம்பத்துமூன்று, வீடு லிங்கநகர். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போகும்வரை பத்தொன்பது வருஷம் கடற்படை டொக்யார்டின் ஆயுத அறையில் வேலை பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டு ஊராரின் துவக்குகளைத் திருத்திக் கொடுத்தேன். பாக்கியத்தின் கைபட்ட துவக்கு மக்கர் பண்ணாது என்று மூதூர் வரைக்கும் பேர் இருந்தது. என்னிடம் வேறு பெரிய சொத்து எதுவும் இல்லை, அந்தப் பேர்தான்.

போடியார் சிவகுருநாதனை உங்களுக்குத் தெரியும். நேற்று அவருடைய உடம்பை, உடம்பு என்று சொல்லக்கூடிய அளவை, நீங்கள்தான் சாக்கில் கட்டுவித்தீர்கள். ஈச்சிலம்பற்றில் அவருக்கு எழுபது ஏக்கர் வயல். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து, தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற, ஐந்து தோட்டா கொள்ளும் ஒரு ரைபிளை வாங்கியிருந்தார். என் தம்பி தங்கரத்தினம் அவரிடம் வயற்காவலுக்கு நின்றான்.

போன வருஷம் பங்குனியில், நெல் சூடடிக்கிற நாட்களில், பொழுது படுகிற நேரம் ஒரு தனியன் யானை களத்துக்குள் வந்தது. போடியார் சுட்டார். முதல் வெடி வெடித்தது. இரண்டாவது தோட்டா ஏறாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. காயம்பட்ட யானைக்கு நேரே நின்றவன் என் தம்பி. அது அவனைத் தூக்கி நிலத்தில் இரண்டுதரம் அடித்தது. பிறகு நெஞ்சில் காலை வைத்து மிதித்துக்கொண்டு வலது கையைப் பிடுங்கியது. அடுத்த நாள்தான் அந்தக் கையை வாய்க்காலில் கண்டெடுத்தோம். விரலில் மோதிரம் இருந்தபடியால் அவன் பெண்சாதி பூரணிக்கு அடையாளம் காட்டுவது கஷ்டமாக இருக்கவில்லை.

மரண விசாரணைக்குத் துவக்கைப் பரிசோதிக்க வேண்டி வந்தது. இந்தப் பக்கத்தில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆகவே என்னிடமே தந்தார்கள். உள்ளே கரி படிந்திருந்தது, சொந்தக்காரர் துடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். போடியார் மறுத்து ஒரு சொல் பேசவில்லை. செத்தவீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என்ர பிழை, பாக்கியம். தங்கத்தை நான்தான் கொன்றுபோட்டன்."

உண்மையைச் சொன்னால், அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. பூரணி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தான், அந்தத் துவக்கைக் கடைசியா ஆர் பார்த்துக் குடுத்தது?"

"நான்தான்" என்றேன்.  அதற்குப் பிறகு அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

போன கிழமை போடியார் ரைபிளோடு என் கொட்டிலுக்கு வந்தார். அதே யானை திரும்பவும் வயலில் இறங்குகிறதாம். தங்கத்துக்காக அதைத் தன் கையாலேயே சுட வேண்டும் என்றார். கதிரையில் உட்கார்ந்தபடி துவக்கைத் திறந்து காட்டினார். பளிச்சென்று இருந்தது. "நீர் சொன்னபடி கிழமைக்கு ஒருக்காத் துடைக்கிறன்" என்றார். பிறகு துவக்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பாக்கியம், ஒண்டு மட்டும் எனக்கு இன்னும் விளங்கேல்லை. போன வருஷம் நீர் பார்த்துத் தந்த பிறகு, யானை வந்த அண்டைக்குத்தான் முதன்முதலாச் சுட்டனான். இரண்டாவது தோட்டாவே ஏறேல்லை. சுடாத துவக்கில கரி எங்கால வந்தது?"

என்னைக் குற்றம் சொல்லும் குரலில் அவர் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவனிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். கொழும்பில் ஒரு துவக்குக்காரன் இருக்கிறான், அவனிடம் ஒருக்கால் கேட்டுப் பார்க்கவா என்றும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஐயா, மறைக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்கத் தன் பிழை என்று அழுத மனுஷன் இப்போது மெல்லக் கழன்றுகொள்ளப் பார்க்கிறார். தம்பியின் சாவு ஒருவர் தலையில் இருந்தாக வேண்டும். அவர் இறக்கி வைத்தால் அது எங்கே போகும்?

"யானையின்ர அலுவல் முடியட்டும், போடியார். பிறகு ரெண்டு பேருமாக் கொழும்புக்குக் கொண்டுபோவம்" என்றேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்று, யானைக்கு முதல் ஒருதரம் பார்த்துத் தரச் சொல்லித் துவக்கை என்னிடம் விட்டுவிட்டுச் சந்தோஷமாக எழும்பிப் போனார்.

தூசிக்குள் போகிற ரைபிளுக்கு எண்ணெய் மிகக் கொஞ்சம்தான் போட வேண்டும். சொட்டு விட்டு, அந்தச் சொட்டையும் சீலையால் ஒற்றி எடுக்க வேண்டும். நான் ஊற்றினேன். உள்ளே தாராளமாக ஊற்றிவிட்டு வெளிப்புறத்தை வழக்கம்போல் வடிவாகத் துடைத்து வைத்தேன். அடுத்த நாள் அவர் வந்தபோது, எல்லாம் பார்த்திருக்கிறேன், திறக்கவும் வேண்டாம் துடைக்கவும் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். நெல் தூற்றுகிற களத்தில் துவக்கு மூன்று நாள் அவரோடு கிடந்தது. தூசியை நான் போடவில்லை.

நேற்று விடிய நானும் போய்க் காவற்பரணில் ஏறி இருந்தேன். கூப்பிட்டவர் அவர்தான். ஆறு மணிபோல யானை பற்றைக்காட்டுக்குள்ளிருந்து வந்தது. போடியார் கீழே, பரணுக்குக் கிட்ட நின்று, முப்பது கெஜ தூரத்தில் வந்த யானையைச் சுட்டார். தோளில் பட்டது. யானை அவர் பக்கம் திரும்பியது. அவர் விசையை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. கையால் இழுத்துப் பார்த்தார், தோட்டாவை ஏற்றுகிற போல்ட் பாதியில் நின்றுவிட்டது. அப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பாக்கியம், என்ன செய்ய?" என்று கேட்டார். கத்தவில்லை. இழுத்துத் தட்டினால் சில வேளை ஏறும், அதைச் சொல்ல நேரமும் இருந்தது. நான் சொல்லவில்லை.

யானை முதலில் முழங்காலை உடைத்தது. அவர் ஊர்ந்து பரணின் கால்வரைக்கும் வந்துவிட்டார். ஏணியின் முதற்படியை ஒரு கையால் பிடித்தார். அங்கிருந்துதான் அது அவரை இழுத்துக்கொண்டு போனது. தலையில் மிதித்தபோது பரண் அதிர்ந்தது. அதற்குப் பிறகும் கனநேரம் மிதித்தது, அப்போது அவருக்கு நோவு இருந்திராது. எல்லாம் அடங்கிய பிறகு நான் இறங்கி வந்து துவக்கை எடுத்துத் தோட்டாக்களைக் கழற்றினேன். ஏற்றிய துவக்கை நிலத்தில் விட்டுப் போகக் கூடாது.

என்ன கேட்டீர்கள், ஐயா? எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் இரண்டாவது தோட்டா ஏறாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றா? டொக்யார்டில் தெரியாது. அங்கே தூசி இல்லை, உப்புக்காற்றுத்தான். துவக்குகளை எண்ணெயில் குளிப்பாட்டித்தான் வைப்போம். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் செய்தேன். போன வருஷம் மரண விசாரணைக்கென்று அந்த ரைபிளைத் திறந்தபோதுதான் முதன்முதலாகக் கண்டேன். எண்ணெயும் தூசியும் களிமண்போல் குழைந்து உள்ளே அப்பியிருந்தது.

ஓம், அறிக்கையில் கரி என்றுதான் எழுதினேன். கரி இருக்கவில்லை. என் எண்ணெய்தான் இருந்தது. ஆனாலும் துவக்கு அவருடையது, ஐயா, அவர் ஒருதரம் திறந்து துடைத்திருந்தால் தம்பி இன்றைக்கு உயிரோடிருப்பான். திறக்க வேண்டாம் என்று அப்போதும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அது வேறு விஷயம்.