ராக்கையா பார்த்த எண்

திருப்பூர்த் தண்ணீரில் நல்ல டீ போட முடியாது, ஐயா. காலையில் ஸ்டேஷனில் நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குறை சொல்லவில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் உப்பும் காரமும் அதிகம்; எவ்வளவு பால் ஊற்றினாலும் டீ கறுத்துத்தான் நிற்கும். வீட்டில் கேன் தண்ணீரில்தான் டீ போடச் சொல்வேன். என் மனைவி சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷம் சாயப்பட்டறை ஆய்வகத்தில் இருந்தவனின் நாக்கு அப்படித்தான் இருக்கும்.

என் பெயர் குமாரசாமி. சொந்த ஊர் பல்லடம் பக்கம். பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். லிங்கசாமி அவர்களின் சாயப்பட்டறையில் ஆய்வகப் பொறுப்பாளர். தொட்டி சுத்தம் செய்யும் ராக்கையா இறந்தது பற்றி என் கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் பஃபர் என்றால் என்னவென்று தெரியாமல் படித்தால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பிஎச் என்பது ஓர் எண். ஏழு என்றால் நடுநிலை, நல்ல தண்ணீர். அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். பதின்மூன்று என்றால் தோலைத் தின்றுவிடும். வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு ஆசிட் விட்டால் எண் சடாரென்று கீழே விழும். காரம் விட்டால் மேலே ஏறும். பஃபர் கரைசல் அப்படிக் குதிக்காது. அதற்குள் வீரியம் குறைந்த ஓர் அமிலமும் அதன் உப்பும் ஜோடியாக இருக்கும். ஆசிட் வந்தால் உப்பு வாங்கிக்கொள்ளும், காரம் வந்தால் அமிலம் வாங்கிக்கொள்ளும். வந்தது எங்கேயும் போய்விடுவதில்லை, உள்ளேதான் கிடக்கும். வெளியே காட்டிக்கொள்ளாது, அவ்வளவுதான். ஜோடியில் ஒன்று தீரும்வரை தாங்கும். தீர்ந்துவிட்டால் அடுத்து விழும் கொஞ்சத்துக்கே எல்லாம் புரண்டுவிடும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முதலாளியின் ஏச்சு ஒரு பக்கம், ஆட்களின் புலம்பல் மறுபக்கம். இரண்டையும் வாங்கி உள்ளே போட்டுக்கொள்வேன். என் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மேனேஜராகிக் காரில் வருகிறார்கள். எனக்குக் கிடைத்தது தீபாவளிக்கு ஒரு டப்பா மைசூர்பாகு. வயிறு எரிந்தது உண்மை. அதையும் உள்ளேதான் போட்டுக்கொண்டேன்.

மெஷின்களிலிருந்து வரும் கழிவுநீர் பின்பக்கத் தொட்டியில் சேரும். அதில் ஒரு ப்ரோப், அதாவது பிஎச் அளக்கும் கண்ணாடிக் குச்சி, முங்கியிருக்கும். அதன் வயர் ஆய்வகத்துச் சுவரில் உள்ள மீட்டருக்கு வரும். எண் ஏறினால் ஆசிட் பம்ப் தானே ஓடி ஏழுக்கு இறக்கிவிடும். அதே எண் நிமிஷத்துக்கு நிமிஷம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கம்ப்யூட்டருக்கும் போகும்.

போன வருஷம் ஆவணியில் ஆசிட் லாரி வரவில்லை. லிங்கசாமி அவரே ஆய்வகத்துக்கு வந்தார்.

"ஒரு வாரத்துக்கு ஏதாச்சும் பண்ணுங்க குமாரசாமி. உங்களாட்டப் படிச்சவங்களுக்குத் தெரியாததுங்களா?"

"பாக்கலாமுங்க" என்றேன்.

ப்ரோப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். ஏழு பிஎச் பஃபர் கரைசலைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, பீரோவுக்குப் பின்னால் வைத்து, அதற்குள் ப்ரோப்பை விட்டேன். மீட்டர் ஏழு காட்டியது. தொட்டியில் என்ன விழுந்தாலும் ஏழுதான். ஒரு வாரம் பதினான்கு மாதம் ஆயிற்று. ஆசிட் லாரி பிறகு வந்தது. முதலாளி வேண்டாம் என்று திருப்பிவிட்டார். நான் என் வேலையைச் சரியாகச் செய்தேன். தினமும் காலையில் வந்ததும் குடுவையைக் கழுவி, புதுப் பொடி உறை ஒன்றைப் பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைப்பேன். அரைகுறையாக எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை.

ராக்கையா கமுதிப் பக்கத்து ஆள். பம்ப் வாயில் சேறு அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் இறங்கி எடுப்பவன் அவன்தான். மனைவி பாண்டியம்மாள் எங்கள் முதலாளியின் பனியன் கம்பெனியில் துணிப் பழுது தேடும் செக்கிங் வேலை பார்க்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் பாதம் வெந்து புண்ணாகி வந்து நின்றபோது, "மீட்டர்ல ஏழுன்னு இருந்தா எறங்கு. இல்லீன்னா ஆரு சொன்னாலும் எறங்காதே" என்று சொல்லிக் கொடுத்தது நான். அன்றிலிருந்து இறங்குவதற்கு முன் ஆய்வக வாசலுக்கு வருவான். தொப்பியைக் கழற்றிவிட்டு, சாமி படத்தைப் பார்ப்பதுபோல அந்த எண்ணைப் பார்ப்பான். பிறகு போவான்.

அந்தப் பதினான்கு மாதமும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். அவன் இறங்கும் நாட்களில் நானே முன்கூட்டிக் கேனில் ஆசிட் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றி, நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாள் வைத்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. எத்தனை பேர் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?

போன மாதம் பதினேழாம் தேதி காலை ஒன்பதரைக்குப் பம்ப் அடைத்துக்கொண்டது. பதினோரு மணிக்குத் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். தண்ணீர் தொட்டி விளிம்பு வரை ஏறி, வழிந்தால் முன்வாசலுக்கு வரும் நிலை. வெளுப்புப் பிரிவிலிருந்து காஸ்டிக் காரத் தண்ணீர் வேறு அப்போதுதான் விழுந்திருந்தது. கேனில் ஆசிட் இல்லை. நான் போய் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன். கருநாவல் நிறம். பதின்மூன்று. தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்பினேன். ராக்கையா வாசலில் நின்றான்.

"சார், ஏணியில கால வச்சேன், வழுக்குது சார். தண்ணி சோப்புக் கணக்கா கொழகொழன்னு இருக்கு. இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க."

அவனை உள்ளே அழைத்துப்போய் மீட்டருக்கு முன்னால் நிறுத்தினேன்.

"நீயே பாரேன்."

"ஏழுதான சார்?"

"ஏழுதான்."

"நம்பர் சொன்னாச் சரிதான். எனக்குத்தான் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு" என்று சிரித்துக்கொண்டே போனான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன், ஐயா. சொல்லியிருந்தால், அத்தனை மாதமும் நான் காட்டியது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பட்டறையில் என்னை முழுதாக நம்பிய ஒரே ஆள் அவன். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏணியில் மூன்றாம் படியில் வழுக்கித் தலை முங்க விழுந்தான். தூக்குவதற்கு ஐந்தாறு நிமிஷம் ஆகிவிட்டது. சத்தம் கேட்டபோது நான் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் அசையவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ராக்கையா ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்தான்.

குடித்துவிட்டு இறங்கினான் என்று எழுதலாம் என்றார் முதலாளி. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

"அவரு குடிக்கிற ஆளே இல்ல சார். நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?" என்று பாண்டியம்மாள் கேட்டாள்.

"பாக்கலாமுங்க" என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து, அவனுடைய தொப்பியும் சாப்பாட்டு டப்பாவும் வாங்கிப்போக வந்தவள், அவன் பார்த்த எண்ணைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு மீட்டரிலிருந்து கிளம்பும் வயரின் மேல் விரலை வைத்தாள். துணியில் ஓடும் பழுதைத் தேடுகிற அதே கை, ஐயா. அவசரமில்லாமல் சுவரோடு தடவிக்கொண்டே போய் பீரோவுக்குப் பின்னால் நின்றது.

"அவரு எறங்குன தண்ணி வெளியில கெடக்கு. இந்தக் குச்சி எதுக்கு இந்தக் குடுவைக்குள்ள இருக்கு?"

"அது பஃபருங்க" என்றேன்.

அவள் குடுவையை எடுத்து அதிலிருந்ததைத் தரையில் கொட்டினாள். எண் ஏழிலிருந்து நழுவி எங்கெங்கோ ஓடியது. அதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். தண்ணீர் பதின்மூன்று என்று தெரிந்தே, ராக்கையாவிடம் ஏழு என்று சொல்லி இறக்கிவிட்டேன். அன்று நனைத்த தாள் துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது.

ஒரே ஒரு திருத்தம். குடுவையில் நான் போலித் தண்ணீர் வைத்திருந்ததாகப் பாண்டியம்மாள் புகாரில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். அது சுத்தமான ஏழு. அன்று காலையில்தான் புதுப் பொடி கரைத்து வைத்திருந்தேன். பஃபர் பழசானால் மீட்டர் பொய் சொல்லிவிடும், ஐயா.