ஓட்டைத்தொட்டி வீடு

சூரங்கேந்தலில் ஓட்டைத்தொட்டி வீடு என்று ஒரு பாழ்மனை உண்டு. அங்கிருந்த தொட்டி ஒழுகியது என்று ஊரில் பாதிப்பேர் இன்றைக்கும் நம்புகிறார்கள். பஞ்சத்தை மன்னிக்கலாம், இந்தப் பிழையை மன்னிக்க முடியாது. அந்தத் தொட்டி ஒரு நாளும் ஒரு சொட்டும் ஒழுகியதில்லை.

இப்போது நிற்கிற பனையெல்லாம் கொட்டையாகக் கிடந்த காலம். அந்த ஊரில் கிணறு தோண்டினால் உப்பு. குடிக்க ஊருணி ஒன்றுதான். அங்கே கூரிச்சாமி என்று ஒரு கொத்தனார் இருந்தாராம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், ஏதோ நினைப்பில் சுண்ணாம்புக் கலயத்தை ஊருணியில் முக்கிக் கழுவிவிட்டார். கால் நனைக்கவே கூடாத ஊருணி.

"கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்றார்கள் பெண்கள்.

"பொண்டாட்டி போனதோட புத்தியும் போயிருச்சு" என்றது ஒரு குரல்.

அந்தச் சொல்தான் தைத்தது. "இனி இந்தத் தண்ணி என் தொண்டையில எறங்காது. எனக்கு வானம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சொன்னபடி கட்டினார். முற்றத்தில் ஆளாழம் தோண்டினார். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்து, கண்ணாடி போலப் பூசினார். ஓட்டுக்கூரையின் தாழ்வில், குடைந்த பனந்தண்டைத் தூம்பாகக் கட்டினார். முதல் மழையைத் தரையில் விட்டார். அது கூரை கழுவிய தண்ணீர். அடுத்த மழையைத் தொட்டிக்குத் திருப்பினார். வெயில் புகாமல் பலகை போட்டு மூடினார். குடித்தார், சமைத்தார், நாலு கத்தரிச்செடிக்கும் ஊற்றினார். ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. ஒருத்தரும் வரவும் இல்லை.

யார் வீட்டில் சாவு, யார் வயிற்றில் பிள்ளை, எந்த மாடு கன்று போட்டது, எல்லாச் சேதியும் ஊருணிக்கரையில்தான் குடத்தில் ஏறும். கூரிச்சாமிக்கு வானத்திலிருந்து தண்ணீர் மட்டும்தான் வந்தது.

பலகையை நீக்கி, உள்ளே தலையை நீட்டி, "யாரு?" என்பாராம். தொட்டியும் "யாரு?" என்னும். "நாந்தான்" என்பார். அதுவும் "நாந்தான்" என்னும். மூடிவிடுவார்.

ஒரு கோடையில் காய்ச்சலில் விழுந்தார். தொட்டி நிறையத் தண்ணீர். எழுந்து போய் மொள்ள உடம்பில் தெம்பில்லை. வழக்கமாக வரும் குடம் வராவிட்டால் கரையில் தேடுவார்கள், வீட்டுக்கே ஆள் வரும். என்றைக்குமே வராத குடத்தை யார் தேடுவது? நாக்கு ஒட்டக் கிடந்து, எப்படியோ பிழைத்தார்.

எழுந்து நடக்க முடிந்ததும் குடத்தோடு ஊருணிக்குப் போனார். கரையில் நின்ற அவருடைய அண்ணன் பெண்டாட்டி பூமயில்தான் முதலில் வாய் திறந்தாள்.

"என்ன கொழுந்தனாரே, வானம் வத்திருச்சா?"

எந்தக் கொத்தனாரும் எந்த ஊரிலும் சொல்லாத ஒன்றைக் கூரிச்சாமி சொன்னார்.

"தொட்டி ஒழுகுது மதினி."

"நீங்க பூசுன தொட்டியா?"

"நான் பூசுனதுதான்."

பூமயில் அவருடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டாள். "ஒழுகத்தான் செய்யும். கலயத்த மட்டும் வீட்டுலயே வச்சிட்டு வாங்க."

அன்றிலிருந்து தினமும் வந்தார். ஐப்பசியில் தொட்டி நிறைந்து, விளிம்பு வழிந்து, தெருவில் ஓடியது. தெருவே நின்று பார்த்தது.

"பாத்தீங்களா, எம்புட்டு ஒழுகுதுன்னு" என்றாள் பூமயில்.

"பெரிய ஓட்டைதான், பாவம்" என்றார்களாம் மற்றவர்கள்.

இன்றும் அந்த ஊரில், வீட்டில் மழைத்தண்ணீர் நிறைய வைத்திருப்பவர்களும் ஒரு குடத்தோடு ஊருணிக்குப் போகிறார்கள். கேட்டால் "தொட்டி ஒழுகுது" என்பார்கள். யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

தொட்டி வழிந்த அந்த ஐப்பசிக்குப் பிறகு வந்த தை மாதம், பக்கத்து ஊர்க்கோயிலில் மண்டபத்துக்குப் பூச்சு வேலை வந்தது. தொட்டியை ஒழுகவிட்டவர் வேண்டாம் என்று வேறு கொத்தனாரை வைத்துக்கொண்டார்கள்.