தம்பிக்கு டில்லியில பரிசு

அன்னக்கொடி: ஆன்டெனாவ இன்னும் கொஞ்சம் திருப்புங்க... கொடைக்கானல் பக்கமா!

விருமாண்டி: திருப்பிட்டேன். தெரியுதா?

அன்னக்கொடி: டிவியில படம் புள்ளி புள்ளியா இருக்கு.

விருமாண்டி: இந்நேரம் டில்லியில ஆரம்பிச்சிருப்பான் புள்ள! வருசத்துக்கு ஒருக்கா டிவிக்காரங்களுக்குக் குடுக்குற பரிசு. சிறந்த நடிகர் யாரு? விருமாண்டி தம்பி சோணை!

அன்னக்கொடி: மொட்டை மாடியில நின்னு கத்தாதீங்க. வில்லாபுரத்துல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லியாச்சு.

விருமாண்டி: பேப்பர்லயே போட்டுட்டான், சொன்னா என்ன... இப்பத் தெரியுதா?

அன்னக்கொடி: ம்ஹூம்.

விருமாண்டி: மேடையில பேசச் சொல்லுவாக. என்னையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவானா?

அன்னக்கொடி: அறைஞ்சதைச் சொல்லுவாரு.

விருமாண்டி: சும்மாவா அறைஞ்சேன்? எழுமலைத் திருவிழா நாடகம். பொணமா நடிக்க வேண்டியவன் இவன். பக்கத்துல உக்காந்து நான் அழுது வசனம் பேசுறேன்... பொணம் எந்திரிச்சு உக்காந்து கொசு அடிக்குது!

அன்னக்கொடி: ஹஹ... அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு!

விருமாண்டி: நீயுமா சிரிச்ச?

அன்னக்கொடி: பொம்பளைக கூட்டம் பூராம் சிரிச்சுச்சு. நீங்க கைய ஓங்குனப்பதான் அடங்குச்சு. அம்புட்டு சனத்துக்கு முன்னாடி...

விருமாண்டி: ...சின்னப் பயலா இருந்தா அழுதிருப்பான். மீசை வச்ச பய. அப்பிடியே மேடைய விட்டு இறங்கிப் போனவன்தான்.

அன்னக்கொடி: பன்னெண்டு வருசம். ஒரு கடுதாசி இல்ல.

விருமாண்டி: எனக்கும் போட வாயி... கையி வரல. இன்னும் புள்ளிதானா?

அன்னக்கொடி: வந்துருச்சு! ஏங்க, வந்துருச்சு! அப்பிடியே ஆடாம நில்லுங்க!

விருமாண்டி: ...வந்துருச்சா?

அன்னக்கொடி: உங்க தம்பி மேடைக்கு வாராரு!

விருமாண்டி: நான் இறங்கி வாரேன்...

அன்னக்கொடி: வேணாம், வேணாம்! கைய எடுத்தா படம் போயிரும். நான் பாத்துச் சொல்றேன்.

விருமாண்டி: ...சரி. சொல்லு. இளைச்சிருக்கானா?

அன்னக்கொடி: லேசாத் தொப்பை. காதோரம் நரை. நீலச் சட்டை.

விருமாண்டி: கருப்பு வெள்ளை டிவியில நீலமா?

அன்னக்கொடி: நீலம் மாதிரி... பேச விடுவீங்களா? பரிசை வாங்கிட்டாரு. கும்பிடுறாரு.

விருமாண்டி: இந்தியிலயா பேசுறான்?

அன்னக்கொடி: நம்ம தமிழ்தான். "எனக்கு நடிப்புச் சொல்லிக் குடுத்தது எங்க அண்ணன்"ங்கிறாரு.

விருமாண்டி: ...ம். பெறகு?

அன்னக்கொடி: "அவரு ஒருநா அறைஞ்சாரு. அந்த அறை இல்லைன்னா நான் இங்க நின்னுருக்க மாட்டேன்"னு... எல்லாரும் கை தட்டுறாக.

விருமாண்டி: கோவமாச் சொல்றானா, சிரிச்சுக்கிட்டா?

அன்னக்கொடி: சிரிச்சுக்கிட்டுதான். கண்ணு மட்டும் கலங்கியிருக்கு.

விருமாண்டி: பெறகு?

அன்னக்கொடி: "பொங்கலுக்கு ஊருக்கு வாரேண்ணே"ன்னுட்டு இறங்கிட்டாரு. அம்புட்டுத்தான், முடிஞ்சிருச்சு. நீங்க வாங்க... படி பாத்து. என்ன, மூக்கை உறிஞ்சுறீங்க?

விருமாண்டி: பனி.

அன்னக்கொடி: சித்திரையிலயா? அதென்ன கையில?

விருமாண்டி: ஒயரு.

அன்னக்கொடி: எந்த ஒயரு?

விருமாண்டி: ஆன்டெனா ஒயரு. மொதத் தடவ திருப்புனப்பவே அறுந்துருச்சு.

அன்னக்கொடி: அப்ப... நான் சொன்னது பூராம் பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டேவா நின்னீங்க?

விருமாண்டி: ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தேன் புள்ள. வந்துருச்சுன்னு நீ கத்துன பாரு... ஒட்டுறதை விட்டுட்டேன். நெசத்துல அவன் என்ன சொன்னானோ, கேக்க எனக்குப் பயமா இருந்துச்சு.