துடுப்பின் படகு

என் தங்கைக்கு நல்ல அடர்த்தியான முடி, டாக்டர். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது பின்னிவிடுவது எளிது. முன்பெல்லாம் என் பக்கம் திரும்பி ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். பின்னல் கோணல்மாணலாகப் போகும். இப்போது நேராக வருகிறது.

தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். பிறகு ஏன் பேசுவதில்லை என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்கிறீர்கள். சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. உட்காருங்கள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எங்கள் வீடு மாடியில். கீழே என் பட்டறை. பல்செட் செய்கிறேன். விபத்துக்குப் பிறகு தங்கைக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்பது உங்களுக்குத் தெரியும். தலை திரும்பும், வாய் பேசும். வாய் கொஞ்சம் கூடுதலாகவே பேசும். பட்டறையில் சிறிது நேரம், மேலே சிறிது நேரம் என்று என் நாள் போகும். மெழுகை அடுப்பில் வைத்துவிட்டு ஓடிவந்து அவளைப் புரட்டிப் போட்டுவிட்டு, மெழுகு உருகுவதற்குள் இறங்கிவிடுவேன். அவளுக்குப் பொழுது போகட்டும் என்று, பேசினால் எழுத்தாக்கித் தரும் கருவியைக் கணினியில் பொருத்திக் கொடுத்தவள் நான்தான். அதில்தான் அந்த விளையாட்டுக்குள் போனாள்.

அதில் ஒரு பெரிய ஆறு. இந்தக் கரையில் படகுக்காரர்கள், அந்தக் கரையில் கோட்டைக்காரர்கள். பாலம் யாருக்கு என்று இரண்டு கட்சிக்கும் ஓயாத சண்டை. ஆட வருகிறவர்கள் குரலையோ முகத்தையோ காட்டக் கூடாது, திரையில் வேடம் மட்டும்தான் நடமாடும், பேச்சு எல்லாம் எழுத்தில்தான். வேடம் கலையக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். படகுக்காரர்களுக்கு மட்டும் ஒரு கொட்டகை உண்டு. அங்கே வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டு விஷயம் பேசிக்கொள்ளலாம்.

அந்தப் படகுக்காரர்களின் தலைவி என் தங்கை. துடுப்பு என்று பெயர்.

நல்ல கூட்டம் என்பதை நான் மறுக்கவில்லை. ஒருவருக்கு வேலை போனால் இன்னொருவர் வேலை தேடிக் கொடுப்பார். ஓநாய் என்று ஒருவர், அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்சியே முறை வைத்து அவரோடு பேசிக்கொண்டிருந்தது. கூடப் பிறந்தவர்கள்கூட அப்படிச் செய்வதில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டக்காரர் ஒருவர் நிஜமாகவே இறந்துபோனால், அவருடைய படகை ஆற்றில் விடுவார்கள். கோட்டைக்காரர்களும் வாளைக் கீழே வைத்துவிட்டு எதிர்க்கரையில் வந்து நிற்பார்கள். அதோடு அந்தப் பெயர் பூட்டப்படும். ஒருமுறை ஒருவன் செத்ததாக நாடகமாடி, எல்லாரும் அழுது முடித்த பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டான். அதன்பின் ஒரு சட்டம் போட்டார்கள். படகு விட்ட பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் திட்டக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் என் தங்கை. சாப்பாடு ஊட்டும்போது பெருமையாகச் சொன்னாள்.

"திட்டினா பதிலுக்குத் திட்டிடலாம்க்கா. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா அவன் என்ன பண்ணுவான், சொல்லு?"

"வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசு" என்றேன்.

போன மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை புண்ணாகி நீங்கள்தான் வந்து பார்த்தீர்கள். ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றீர்கள். நீங்கள் போனதும் அவள் கண்ணால் கணினியைக் காட்டினாள். புரிந்துகொண்டேன். கொட்டகைக்குள் போய், "தொண்டை சரியில்லை, ஒரு வாரம் வரமாட்டேன்" என்று அவள் சார்பில் தட்டச்சு செய்தேன். மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. எழுதியது வைத்தியர் என்ற பெயரில் ஆடும் ஒருவர்.

"அக்காவைத் தூக்கித் தூக்கி உங்க உடம்புதான் வீணாப் போகுது தலைவி. நல்லா ஓய்வெடுங்க. அந்த வாரம் அவங்களை யாரு பாத்துக்குவாங்க?"

கணினி சரியாக ஓடவில்லை, சரிசெய்து எடுத்து வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு இறக்கினேன். அந்தக் கொட்டகையில் பேசியவை அழிவதில்லை. பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன்.

அங்கே என் தங்கை மலைப்பாதைகளை அளக்கிறவள். திடகாத்திரமானவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவள் நான். என்னைக் குளிப்பாட்டுகிறாள், புரட்டிப் போடுகிறாள், ஊட்டுகிறாள். முதுகில் புண் வராமல் இருக்க என்னென்ன செய்கிறாள் என்று அவள் எழுதியிருந்த ஒவ்வொன்றும் சரி. ஒரு தவறு கிடையாது. நான் செய்வதைக் கூர்ந்து கவனித்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என்னிடம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒருநாள் கருவியை அணைக்க மறந்திருக்கிறாள். நான் அறைக்குள் சொன்னது அப்படியே கொட்டகையில் எழுத்தாக விழுந்திருந்தது: "அசையாம இரு, முதுகைத் துடைக்கணும்." யார் அது என்று கேட்டிருக்கிறார்கள். "அக்காதான். கிடந்து கிடந்து மனசு பெசகிடுச்சு. தான்தான் எனக்கு எல்லாம் செய்யறதா ஒரு நெனப்பு. நாந்தான் துடுப்புன்னுகூடச் சொல்லுவா, பாவம்" என்று இவள் பதில் சொல்லியிருந்தாள். அதற்கு ஓநாய், "அப்போ அடுத்த தலைவி அக்காதான், இப்பவே ஓட்டுப் போட்டுடுவோம்" என்றிருந்தார். எல்லாரும் சிரித்திருந்தார்கள். என் தங்கையும்.

இதைக்கூட நான் விட்டிருப்பேன். கிடப்பவளுக்கு நடக்க ஆசை இருக்கும். நடப்பவள் யாராவது ஒருத்தியின் காலைத்தானே எடுத்துக்கொள்ள முடியும். விட முடியாமல் போனது இடுப்புப் பட்டை.

பாரம் தூக்குகிறவர்கள் கட்டிக்கொள்ளும் தோல் பட்டை. சில வருடங்களுக்கு முன் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. "உனக்குத்தான்க்கா வரவழைச்சேன், என்னைத் தூக்கி இடுப்பு ஒடிஞ்சிடப் போகுது" என்றாள். அன்று கீழே போய்ப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அதன்பின் அந்தப் பட்டையைக் கட்டாமல் ஒருநாளும் அவளைத் தூக்கியதில்லை. உண்மையில் அது படகுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, அக்காவைத் தூக்கிச் சிரமப்படும் தங்கள் தலைவிக்கு அனுப்பியது. அனுப்பிய நாளும் விலாசமும் கொட்டகையிலேயே இருந்தன. அவள் எழுதிய நன்றியும் இருந்தது. என்னைவிட அழகாக அழுதிருந்தாள்.

நான் கத்தவில்லை. என் வேலையில் அவசரம் உதவாது. கடி சரியில்லை என்றால் எந்தப் பல் இடிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அப்புறம்தான் உரச வேண்டும். அந்த இடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, வேலைக்காரி ஒருத்தி எழுதுவதுபோல் கொட்டகையில் எழுதினேன். நான் இந்த வீட்டுக்குச் சம்பளத்துக்கு வேலைக்கு வந்திருப்பவள். அக்காவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது கால் தவறி உங்கள் துடுப்பு அம்மா இறந்துபோனார்கள். அவர்களுடைய அக்காவுக்கு அடி இல்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

படகு விட்டதைப் பட்டறையில் இருந்தபடியே பார்த்தேன். மேசை நிறைய யார் யாருடைய பற்களோ வாய் திறந்து கிடந்தன. கரை முழுக்க ஆட்கள். கோட்டைக்காரர்கள் பாலத்தையே அன்றைக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை; அசையாமல் நின்றார்கள். படகு வளைவில் திரும்பி மறைந்தபோது எனக்கும் கண் கலங்கியது. அவ்வளவு கௌரவமான சாவு எல்லாருக்கும் வாய்த்துவிடாது. முடிந்ததும் மேலே போய் அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். கணினி எங்கே என்று கண்ணால் கேட்டாள். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன்.

குரல் திரும்பியது. கணினியை மேலே கொண்டுவந்து வைத்தேன். துடுப்பின் பெயர் திறக்கவில்லை. வேறு பெயரில் உள்ளே போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய தலையணை உறைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, யாருமே பேச மாட்டேங்கறாங்க."

"என்ன சொன்னே?"

"நாந்தான் வந்துட்டேன்னு சொன்னேன். ஓநாய் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. வைத்தியனும். ஒருத்தர் பாக்கி இல்ல."

"புதுப் பேருல போனா யாருக்குத் தெரியும்?"

"பேரைச் சொன்னேனே. துடுப்புன்னு சொன்னதும்தான் திரும்பறாங்க."

திரையில் எல்லாருடைய முதுகும் தெரிந்தது. தான் போட்ட சட்டம் என்பது அவளுக்கு மறந்திருக்காது. அந்தச் சாவுச் செய்தியைச் சொன்னது யார் என்பதுதான் புரிந்திருக்காது. தினமும் போனாள், தினமும் முதுகுகளைப் பார்த்தாள். சாப்பாடு குறைந்தது. எனக்கு அது போதும் என்றுதான் இருந்தது.

அவர்கள் நேரில் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. தலைவி போய்விட்டாள், கிடையாகக் கிடக்கும் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று இரண்டு பேர் பட்டை அனுப்பிய விலாசத்தைப் பிடித்து வந்துவிட்டார்கள். ஓநாய் என்பது குண்டாக ஒரு பெண். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாளாம். வைத்தியர் செருப்புக் கடையில் வேலை பார்க்கும் ஒல்லியான ஆள். வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க?"

"பாத்துக்கறவ" என்றேன்.

ஓநாயின் பார்வை என் இடுப்புக்குப் போனது. பட்டை கட்டியிருந்தேன்.

"இது நாங்க அவங்களுக்கு அனுப்புனது."

"இப்ப நான்தானே தூக்கறேன்."

தலையை ஆட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

உள்ளே கட்டிலருகே உட்கார்ந்து தங்கையின் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"அக்கா, நாங்க துடுப்போட ஆளுங்க. நான் ஓநாய்."

என் தங்கையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை விபத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

"அடிப்பாவி, இவ்ளோ குண்டுன்னு நீ சொல்லவே இல்லையே" என்றாள்.

ஓநாய் சிரித்தாள், சிரிப்பிலேயே அழுதாள். "அப்படியே அவங்க மாதிரியே பேசறீங்கக்கா."

"நாந்தாண்டி அது. நான் சாகல. பாலத்துச் சண்டையில உன்னை முதுகுல போட்டுக்கிட்டு நீந்தினது யாரு?"

"எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லியிருக்காங்க பாருங்க."

செருப்புக் கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் தங்கை அவரைப் பார்த்தாள், ஓநாயைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"நான் சொன்னதெல்லாம் பொய். மலையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. கிடக்கறது நான். தூக்கறது இவ. குளிப்பாட்டறது, ஊட்டறது, எல்லாம் இவதான், என் அக்கா. சொல்லுக்கா. இவங்ககிட்டச் சொல்லு."

இத்தனை வருடம் நான் காத்திருந்தது அந்தப் பேச்சுக்குத்தான், டாக்டர். யார் முன்னால் சொல்ல வேண்டுமோ அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். ஓநாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

"சில நாள் இப்படித்தான். நீங்க பெரிசா எடுத்துக்காதீங்க" என்றேன்.

ஓநாய் என் தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தாள். "சரிக்கா. நீங்கதான் துடுப்பு. நீங்கதான் எங்க தலைவி." குழந்தையிடம் பேசும் குரல். அந்தக் குரலைக் கேட்டதும்தான் என் தங்கைக்கு எல்லாம் விளங்கியது. நான் அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

நான் திரும்பி வந்ததும், "நீயா?" என்றாள்.

"பட்டை யார் அனுப்புனதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் கணினியைக் கேட்கவில்லை. ஓநாய் என்னைக் கட்சியில் சேர்த்துக்கொண்டாள். சாயங்காலம் பட்டறையில் பல் உரசும் அரவையை நிறுத்திவிட்டு, கணினியைத் திறந்து துடுப்பின் படகு போன துறையில் கொஞ்ச நேரம் நிற்பேன். வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார்கள். இவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறீர்களே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது.

நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். செய்தது நான்தான், அவளுக்குச் சேர வேண்டியதைத்தான் கொடுத்தேன், கணக்கு அதோடு தீர்ந்துவிட்டது. எங்களுக்குள் இப்போது மனத்தாங்கல் எதுவும் கிடையாது. முன்னைப்போலவே குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், பின்னிவிடுகிறேன். நான் அறைக்குள் நுழைந்தால் மட்டும் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள், நான் வெளியே போகும்வரை திரும்புவதில்லை. அந்த நேரத்தில் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் போலிருக்கிறது. நாளைக்குத் தடித்த துணியாகப் பார்த்து ஒரு திரை வாங்கி மாட்டப்போகிறேன்.