ஹெர்பர்ட்டுக்குத் திறக்காத கோப்பு

கீபோர்டைத் துடைக்க நான் எப்போதும் ஸ்பிரிட்தான் பயன்படுத்துவேன். பஞ்சைக் கொஞ்சமாக நனைத்து, பொத்தான்களின் இடுக்கில் விட்டு இழுத்தால் போதும். எங்கள் நர்ஸிங் ஹோமில் என்னைத் தவிர யாரும் இந்த வேலையைச் செய்ததில்லை என்பதை, இன்ஸ்பெக்டர் சார், முதலில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

தொம்மலூரில் அந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததே என்னால்தான். நோயாளிகளின் பழைய அட்டைகளை ஒவ்வொன்றாக நானே ஏற்றினேன். பிறகு அட்டைகளைச் சிவாஜிநகரில் எடைக்குப் போடச் சொன்னேன். இரண்டாயிரமாவது ஆண்டே பிறந்துவிட்டது, இன்னும் ரத்தக் கறையும் கரப்பான் எச்சமுமாக அட்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்புறம் மதிய ஷிஃப்டுக்கு ஹெர்பர்ட் வந்தான். கெட்டவன் இல்லை, எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான். ஆனால் கபாப் தின்ற விரலோடு டைப் அடிப்பான். பொத்தான்களில் மசாலா காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். ஒருநாள் மூக்கைத் துடைத்த கையாலேயே மவுஸைப் பிடித்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளியான ஃபாத்திமா டாக்டரிடம் சொன்னேன். வேலை நன்றாகச் செய்கிறானே என்று சிரித்துவிட்டார். வேலை தெரியாதவன் என்று காட்டினால்தான் அனுப்புவார் என்பது அப்போது புரிந்தது.

நான் எதையும் உடைக்கவில்லை. எங்கள் புரோகிராம் தரவுக் கோப்பைத் திறக்கும்போது, யார் உள்ளே இருக்கிறார் என்று குறித்துவைக்க அதே ஃபோல்டரில் இன்னொரு சின்னக் கோப்பை எழுதும். சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது ஹெர்பர்ட் பெயருக்கு அங்கே எழுதும் அனுமதியை எடுத்துவிட்டேன். அதன்பின் எந்த மெஷினில் நுழைந்தாலும் அவனுக்குத் திறக்காது. நோயாளிகளின் விவரம் பார்க்க என்னையும் அவனையும் தவிர வேறு யாருக்கும் வழியில்லை; மற்ற கவுண்டர்களில் அதே கோப்பின் பில் கணக்கு மட்டும் தெரியும். வேறொருவர் கோப்பைத் திறந்து வைத்திருக்கலாம் என்று திரையில் வரும். உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம் என்பது அதன் பின்பாதி. முன்பாதியோடு நிறுத்திக்கொண்டு எல்லோரையும் மெஷினை மூடச் சொல்லும் பழக்கத்தை அங்கே ஏற்படுத்தியதும் நான்தான்.

எங்கள் பழைய நோயாளி அன்னம்மாளை அன்று மதியம் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுவந்தார். காலில் சீழ் வைத்து, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாராம். அவருக்கு எந்த ஊசி ஆகாது என்பது கோப்பில் மட்டுமே இருந்தது. ஹெர்பர்ட் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். வயரைப் பிடுங்கிச் செருகினான். பில் கவுண்டருக்கும் மருந்துக் கவுண்டருக்கும் ஓடி, "யாரோ ஃபைலைத் தெறந்து வெச்சிருக்கீங்க, மூடுங்கப்பா" என்று கெஞ்சினானாம். அந்தக் கையாலேயே அவர்களுடைய கீபோர்டையும் தொட்டிருப்பான்.

நர்ஸ் ஜானகி என் வீட்டுக்கு ஃபோன் செய்தாள். "சார், ஃபைல் ஓப்பனே ஆவல. அன்னம்மாளுக்கு எந்த இன்ஜெக்‌ஷன் ஆவாது? நீங்கதானே ஏத்துனீங்க, ஸ்வல்ப யோசிச்சு சொல்லுங்க. டாக்டர் வெயிட் பண்றாங்க."

மருத்துவ விஷயத்தில் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது, ஹெர்பர்ட்டைக் கேள் என்றேன். அது முறையான பதில்தான். டாக்டர் இனியும் பொறுக்க முடியாதென்று பென்சிலின் போட முடிவு செய்தார். சோதனைக்காகப் போட்ட சிறு அளவிலேயே அன்னம்மாளுக்கு மூச்சடைத்துவிட்டது.

நான் போய், யாரும் கவனிக்காமல் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தேன். கோப்பு உடனே திறந்தது. எல்லோரும் ஹெர்பர்ட்டைப் பார்த்தார்கள். அவன் அழுதான். மூக்கு ஒழுகி மேஜைமேல் சொட்டியது. நான் பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தேன்.

நீங்கள் கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்கிறேன். பென்சிலின் ஆகாது என்பது ஜானகி கேட்டதுமே எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பார். ஆனால் திங்கட்கிழமை ஹெர்பர்ட்டும் வேலைக்கு வந்திருப்பான்.