பத்தொன்பது தட்டுகள்

சால்மன் முட்டை பட்டாணி அளவுதான் இருக்கும், நல்ல ஆரஞ்சு நிறம். இந்த மாவட்டத்துக்காரர் என்றால் நீங்களும் சின்ன வயதில் அதைத் தூண்டிலில் இரையாகக் கோத்திருப்பீர்கள். நான் அதை இருபத்து மூன்று வருடம் வளர்த்தேன். ஸ்டில்வெல் ஆற்றங்கரை மீன் பொரிப்பகத்தில் டெக்னீஷியன். பெயர் லோரன் ஹாகன். மனைவி எலைன், பிள்ளைகள் இல்லை. மார்லிஸ் பெர்க்டால் ஆற்றில் தவறி விழுந்தது பற்றிய உங்கள் போலீஸ் அறிக்கையில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

வேலை சிக்கலானது அல்ல. கடலிலிருந்து திரும்பும் பெண் மீனின் வயிற்றைக் கீறி முட்டையை வாளியில் எடுத்து, ஆண் மீனின் விந்தைச் சேர்த்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தட்டுகளில் பரப்பி, அலமாரி போன்ற அடுக்கில் செருகிவிடுவோம். மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஒவ்வொரு தட்டாக வழிந்து ஓடும். என் தட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு முட்டை பிழைக்கும். அது நல்ல கணக்கு. பத்தொன்பது வருடம் எல்லோரும் அதை நல்ல கணக்கு என்றுதான் சொன்னார்கள்.

பிறகு மார்லிஸ் வந்தார். அலாஸ்காவில் வேலை பார்த்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், விதவை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடியே நடப்பார். அவருடைய முதல் பருவத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இரண்டாவது பருவத்திலும் அதேதான்.

எங்கள் மேலாளர் கார்த் வீலாக் கெட்டவர் அல்ல, வாய்தான் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "என்ன லோரன், இந்த வருஷமும் தொண்ணூறுலயே நிக்கிறீங்க? பேசாம மார்லிஸ்கிட்ட டியூஷன் சேந்துடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. மதியம் என் பக்கத்தில் வந்து நின்றார். "அவர் கெடக்கறார், விடுங்க. இதுல வித்தையெல்லாம் ஒண்ணும் இல்ல லோரன். நீங்க தண்ணிய கொஞ்சம் வேகமா ஊத்துறீங்க, அவ்வளவுதான். இப்படி ஓரமா விட்டுப் பாருங்க." அவர் சொன்னபடியே செய்தேன். எனக்குத் தொண்ணூற்றொன்று வந்தது. அவர் என்னை இளக்காரமாகப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும் என்று சில நேரம் நினைப்பதுண்டு. அவர் எனக்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை உள்ளே வைத்து இனிப்பு அப்பம் ஒன்று சுட்டுக்கொண்டு வந்து, "தொண்ணூத்தொண்ணுக்கு" என்று சொல்லி என் மேசையில் வைத்தார்.

எலைன் அதை ருசித்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நல்ல மனுஷி! இவங்களப் பத்தி நீ ஏன் வீட்டுல ஒரு வார்த்தகூட சொன்னதில்ல?" என்று கேட்டாள். எனக்கு அன்று பசி இல்லை.

அந்த வருடம் வசந்தகாலத்தில் ஆறேறும் சினூக் என்ற சால்மன் வகை மிகக் குறைவாகத் திரும்பியது. எங்கள் ஆற்றுக்கே உரிய இனம், வேறு எங்கும் கிடையாது. பெண் மீன் பத்தொன்பதுதான். ஒரு மீனுக்கு ஒரு தட்டு, தட்டுக்குச் சுமார் நாலாயிரம் முட்டை. வசந்தகால மீனை வழக்கமாக நான்தான் பார்ப்பேன். கார்த் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவ ஒரு முட்டகூட வீணாகக் கூடாது லோரன். மார்லிஸ் பாக்கட்டும். நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி என்றேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். தட்டில் வைத்த மூன்றாம் நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம், முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளியாகக் கண் தெரியும்வரை, அதை அசைக்கவே கூடாது. லேசாக ஒரு குலுக்கல் போதும், உள்ளே இருக்கும் உயிர் போய்விடும். அதற்கு மருந்து வேண்டாம், விஷம் வேண்டாம், தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

மார்லிஸ் பன்னிரண்டு மணிக்குத் தன் வண்டியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டபடி சாப்பிடுவார். அந்த நேரத்தில் நான் முட்டை அறைக்குப் போய் ஒரு தட்டை ஒரு சாண் வெளியே இழுத்து, தேவைக்குக் கொஞ்சம் அதிக வேகத்தில் உள்ளே தள்ளினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு. யாராவது பார்த்திருந்தால், சரியாக மூடாத தட்டை ஒருவன் சரியாக மூடுகிறான் என்றே நினைத்திருப்பார்கள். பதினாறு நாள் அப்படிச் செய்தேன். மூன்று தட்டுகளைத் தொடவில்லை. எனக்கு அந்த மீன்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை.

செத்த முட்டை வெள்ளையாகும், பிறகு அதன்மேல் பஞ்சு போலப் பூஞ்சை படரும். மார்லிஸ் தண்ணீரைச் சோதித்தார், குளிர்ச்சியை அளந்தார், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார். எதிலும் குறை இல்லை. ஒரு நாள் தட்டுகளுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முணுமுணுப்பு நின்று சில நாள் ஆகியிருந்தது.

"அன்னைக்கு என் கையில ஏதாவது வித்தியாசமாப் பாத்தீங்களா லோரன்? முட்டைய தட்டுல பரப்பும்போது? நெசத்தைச் சொல்லுங்க."

அவருடைய அம்மா கைநடுக்க நோயில் பத்து வருடம் கிடந்து இறந்தவர். அதை எனக்கு அவரே முன்பு சொல்லியிருந்தார். நான் கொஞ்ச நேரம் யோசிப்பவன் போல இருந்துவிட்டு, "சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் மார்லிஸ். லேசா நடுங்குச்சு" என்றேன்.

அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னதுக்கு நன்றி. வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார்.

டாக்டர் ஒன்றும் இல்லை என்றிருக்கிறார். மார்லிஸ் நம்பவில்லை. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தார். கத்தியைத் தொடுவதில்லை. கார்த் அவரிடம் கோபப்பட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், ஆனால் கார்த் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். மிஞ்சிய மூன்று தட்டுகளையும் அவரிடமே விட்டுவைத்தார். அதுதான் எனக்குப் புரியவில்லை. பதினாறு தட்டு செத்த பிறகும் அவரிடமே.

நவம்பரில் ஐந்து நாள் அடைமழை. ஆற்றிலிருந்து பொரிப்பகத்துக்குத் தண்ணீர் வரும் வாயில் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. இலை, சுள்ளி எல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். அந்த வாரம் அதை வாரி எடுப்பது என் முறை. காலை பத்து மணிக்கே அது பாதி அடைத்திருந்ததைப் பார்த்தேன். அப்புறம் செய்யலாம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு அபாய மணி அடித்தது. முட்டை அறையில் தண்ணீர் நூலாக இறங்கிவிட்டது. கார்த் ஊரில் இல்லை. இரண்டு பேராகப் போக வேண்டும், மிதவைச் சட்டை போட வேண்டும், ஒருவர் கரையில் கயிற்றுடன் நிற்க வேண்டும் என்பது விதி. மார்லிஸ் சட்டைக்காக நிற்கவில்லை. "லோரன், கயித்த எடுத்துட்டு வாங்க!" என்று கத்திக்கொண்டே வாருகோலோடு தடுப்புக்கு மேலே இருக்கும் நடைபாலத்துக்கு ஓடினார். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவர் நன்றாக வேலை செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். நாலைந்து இழுப்பில் குப்பை விட்டது, தண்ணீர் பொரிப்பகத்துக்குள் பாய்ந்தது. அப்போதுதான் ஆற்றில் அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டை பாலத்தை இடித்தது. அவர் விழுந்து, தடுப்பின் ஓரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு அடி. வருடா வருடம் பயிற்சியில் நான் அந்தக் கயிற்றை வீசுகிறேன், ஒரு தடவைகூடக் குறி தப்பியதில்லை.

"வீசுங்க லோரன்" என்றார். கத்தவில்லை. நான் வீசுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரும்பை எவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்தன. ஒரு நடுக்கம் இல்லை. அவரும் அதைக் கவனித்திருப்பார் என்று தோன்றியது, ஏனென்றால் கைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். பிறகு கம்பம் மட்டும் இருந்தது.

நான் முட்டை அறைக்குத் திரும்பி மூன்று தட்டிலும் தண்ணீர் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. அதன் பிறகுதான் வயர்லெஸ்ஸில் உங்களுக்குத் தகவல் சொன்னேன். பதினோரு நிமிடம் தாமதம் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. கயிறு சிக்கிக்கொண்டது என்று நான் சொன்னதும் இருக்கிறது. கயிறு சிக்கவில்லை.

அந்த மூன்று தட்டையும் அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டேன். அப்படி எதையும் நான் பார்த்துக்கொண்டதில்லை. வெள்ளையான முட்டைகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தேன். பொரிந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பை கரைந்து, நீந்த ஆரம்பித்தபோது எண்ணினோம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. இந்தப் பொரிப்பகத்தில் யாருக்கும் அந்தக் கணக்கு வந்ததில்லை. ஒன்றரை வருடம் வளர்த்துப் போன வாரம் ஆற்றில் விட்டோம்.

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. முட்டை அறை வாசலில் ஒரு பித்தளைப் பலகையைத் திறந்தார்கள். 'மார்லிஸ் பெர்க்டால் அறை' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே, அவர் உயிரைக் கொடுத்துக் காத்த மூன்று தட்டுகள், தொண்ணூற்றேழு சதவீதம் என்று சின்ன எழுத்து. கார்த் பேசினார். எலைன் என் பக்கத்தில் நின்று அழுதாள். "நீ அவங்க வேலைய முடிச்சு வெச்சிருக்க. அவங்க பாத்துக்கிட்டுதான் இருப்பாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கார்த்திடம் போய்ப் பலகையில் பிழை இருக்கிறது என்றேன். "செத்தவங்ககிட்ட போய் என்ன கணக்கு லோரன்?" என்றார்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். பதினாறு தட்டையும் கொன்றது நான். அவரை ஆற்றோடு போக விட்டதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் மார்லிஸ் மேல் பொறாமைப்பட்டேன் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அது உண்மை அல்ல. தொண்ணூற்றேழு என்னுடையது. அவருக்குக் கடைசிவரை தொண்ணூற்றாறுதான்.